லைக்கன்: பாசியா, பூஞ்சையா?

சுற்றுச்சுவரிலும் மரப்பட்டையிலும் வட்டவட்டமாக ஒட்டியிருக்கும் சாம்பல் நிறத் திட்டுகளைச் சுண்ணாம்புத் தெறிப்பு என்றோ காய்ந்த பாசி என்றோ எண்ணிக் கடந்துவிடுகிறோம். அவற்றில் பெரும்பாலானவை லைக்கன். அதற்குத் தமிழில் என்ன பெயர் என்று தேடினால் கற்பாசி, மரப்பாசி, பாசிக்காளான் எனப் பல கிடைக்கும். அவை எல்லாம் ஒன்றையே சொல்வதில்லை.

லைக்கன் கிரேக்கச் சொல். நக்குதல் என்று பொருள்படும் கிரேக்க வினையோடு அதைத் தொடர்புபடுத்துவர். நக்கியபடியே ஓரங்களில் பரவுவது என்பது கருத்து. மரத்தில் படர்வதற்கும் மனிதத் தோலில் தடித்துப் படர்வதற்கும் கிரேக்கர் இந்த ஒரே சொல்லை வைத்திருந்தார்கள். இன்றும் ‘லைக்கன் பிளானஸ்’ என்று ஒரு தோல்நோய் இருக்கிறது. சுவரில் வளரும் உயிருக்கும் அதற்கும் பெயரைத் தவிர உறவு இல்லை. தமிழும் இதே வழியில்தான் போயிருக்கிறது. தோலில் வட்டமாகப் பரவும் நோய்க்குப் படர்தாமரை என்று செடியின் பெயரை வைத்தோம். பாசி, பசலை இரண்டும் பசுமையைக் குறிக்கும் ஒரே வேரில் பிறந்தவை. கேணித் துறையில் தொட்டால் விலகி, விட்டால் மூடிக்கொள்ளும் பாசிக்குத் தலைவியின் மேனியில் படரும் பசலையை ஒப்பிடுகிறது குறுந்தொகையின் 399ஆம் பாடல்.

அந்தப் பாசி நீர்மேல் மிதப்பது, தொட்டால் விலகுவது. லைக்கன் விலகாது, பொருக்கு வகையாக இருந்தால் நகத்தால் சுரண்டினாலும் எளிதில் பெயராது. கற்பாசி என்ற சொல்லின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. தமிழில் இரு சொல் சேர்ந்த தொகையில் இத்தகைய பெயர்களின் தலைமைச் சொல் கடைசியில் நிற்கும். மலர்த்தேன் என்றால் தேன், தேன்மலர் என்றால் மலர். அப்படியானால் கற்பாசி என்பது கல்லில் வளரும் ஒரு பாசி என்றே பொருள் தரும். ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயசும் 1753இல் லைக்கன்களைப் பாசிகளின் கூட்டத்தில்தான் சேர்த்தார், எல்லாவற்றையும் ஒரே பேரினமாக. 1860களின் இறுதியில்தான் சுவிட்சர்லாந்தின் தாவரவியலாளர் சைமன் சுவெண்டனர், இது ஓர் உயிர் அல்ல, பூஞ்சையும் பாசியும் சேர்ந்த கூட்டு என்று சொன்னார். அன்றைய லைக்கன் அறிஞர்கள் பலர் அதை ஏற்க மறுத்தார்கள்.

கூட்டில் உடலைக் கட்டுவது பூஞ்சை. அதன் இழைகள் மேல்தோலாகவும் உள்ளறையாகவும் பின்னியிருக்க, நடுவே மெல்லிய அடுக்காகப் பாசிச் செல்கள் ஒளிச்சேர்க்கை செய்து உணவளிக்கின்றன. சில வகைகளில் பாசியின் இடத்தில் நீலப்பச்சைப் பாக்டீரியா இருக்கும். அறிவியல் பெயரிடும் விதிப்படி லைக்கனின் பெயர் அதன் பூஞ்சைக்கே உரியது. உள்ளிருக்கும் பாசிக்குத் தனிப்பெயர் உண்டு. ஆகவே தமிழிலும் பூஞ்சைதான் கடைசியில் நிற்கவேண்டும். பாசிக்காளான் அந்த வகையில் சரியான தொகையே. ஆனால் காளான் என்றதும் குடை மனத்தில் விரிகிறது. லைக்கன்களில் குடை விரிப்பவை மிகச் சிலவே. பாசிப்பூஞ்சை என்பதே பொருத்தமாகப் படுகிறது. கட்டுரையில் முதன்முதலில் வரும் இடத்தில் லைக்கன் என்றும் சேர்த்து எழுதினால் குழப்பம் வராது. கற்பாசி அல்லது கல்பாசி என்ற பெயரை, அதை ஏற்கெனவே தாங்கிவரும், மசாலாவில் சேர்க்கும் இலைவடிவ லைக்கனுக்கே விட்டுவிடலாம். சொல்லின் முதலில் லகரம் வராது என்ற மரபுப்படி இலைக்கன் என்று எழுதுவோரும் உண்டு. அதில் இலை எதுவும் இல்லை.

வடிவ வகைகளுக்குத் தமிழே கைகொடுக்கிறது. தளத்தோடு ஒன்றிப்போனது பொருக்கு வகை, ஓரம் மடல்மடலாக எழுவது இலை வகை, கிளைத்து நிற்பதோ தொங்குவதோ புதர் வகை. வழவழப்பான பட்டையில் கருங்கோடுகளாகக் கிறுக்கியதுபோல் இருப்பது கிராபிஸ் பேரினம். எழுதுதல் என்னும் கிரேக்கச் சொல்லே அதன் வேர். எழுத்துப் பாசிப்பூஞ்சை என்று தயங்காமல் சொல்லலாம்.

பார்த்து அறிய 10 மடங்கு கைவில்லை போதும். வில்லையைக் கண்ணுக்கு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுவரை நோக்கிக் கொண்டுபோகவேண்டும், ஏறத்தாழ 2.5 செ.மீ. தொலைவில் தெளிவு கிடைக்கும். கையை நீட்டி வில்லையைப் பிடிப்பதால்தான் பலருக்கு மங்கலாகத் தெரிகிறது. சிறு கிண்ணங்களோ கரும்புள்ளிகளோ தெரிந்தால் அவை பெரும்பாலும் பூஞ்சையின் வித்துறுப்புகள். சுண்ணாம்புத் தெறிப்பில் இவை இரா. நுண்ணிய தண்டும் இலையும் தெரிந்தால் அது மாஸ் (moss) என்னும் சிறுசெடி. விரலில் பச்சைப் பொடியாக ஒட்டினால் வெறும் பாசி. செம்மஞ்சள் வெல்வெட்டுபோல் சுவரில் படர்ந்திருப்பதைத் துரு என்றோ லைக்கன் என்றோ பலர் குறித்துவைக்கிறார்கள். அது பெரும்பாலும் டிரென்டிபோலியா என்னும் பாசி. பச்சைப்பாசிக் குடும்பத்தைச் சேர்ந்தாலும் நிறமிகளால் அதன் பச்சை மறைந்துவிடுகிறது. குழப்பம் ஏற்படக் காரணம் உண்டு: இதே பாசி பல வெப்பமண்டல லைக்கன்களின் உள்ளேயும் குடியிருக்கிறது.

அடுத்து, இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். காய்ந்த மேல்தோல் ஒளியைச் சிதறடிப்பதால் சாம்பலாகத் தெரிந்த திட்டு, நனைந்ததும் ஒளியை உள்ளே விட்டுப் பச்சையாக மாறும். நீலப்பச்சைப் பாக்டீரியா உள்ளது என்றால் கருத்துக் கொழகொழவென்று உப்பக்கூடும். நிறத்தைக் குறிக்கும்போது ‘உலர்’ அல்லது ‘நனை’ என்று கட்டாயம் சேர்த்து எழுதுங்கள். இது விடுபட்டால் ஒரே திட்டு உங்கள் குறிப்பேட்டில் இரண்டு இனமாகிவிடும்.

வளர்ச்சியை அளக்க அளவுகோலை அருகில் வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை அதே மாதத்தில், உலர்ந்த நிலையில் படமெடுங்கள். பொருக்கு வகை பலவும் ஆண்டுக்கு 1 மி.மீ.கூட நகராது, இலை வகை சில மி.மீ. போகலாம். இடையில் வழுக்கையான தடம் தோன்றினால் நத்தை மேய்ந்திருக்கக்கூடும். மரத்துக்கு நோய் வந்துவிட்டதென்று அஞ்சிச் சுரண்டவேண்டாம். லைக்கன் பட்டையை இடமாகத்தான் கொள்கிறது. மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. உள்ளங்கை அளவுள்ள பொருக்கு ஒன்றைப் பெயர்த்துவிட்டால் அதே அளவுக்கு இன்னொன்று வளர்ந்துவரப் பல பத்தாண்டுகள் ஆகும்.