கோமாளி, ஜோக்கர், பபூன்: சொல்லில்லாச் சிறார் நாடகத்துக்கு எந்தச் சொல்?

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ ஒரு பாலர் பள்ளி வாசலில் ‘கிளவுன் ஷோ’ என்று ஒட்டியிருந்தால் பெற்றோருக்கு இரண்டே உருவங்கள்தாம் நினைவுக்கு வரும். ஒன்று, பிறந்தநாள் விருந்தில் பலூனை முறுக்கி நாய்க்குட்டி செய்து தருபவர். மற்றொன்று சர்க்கஸ் ஜோக்கர். மூன்று வயதுப் பிள்ளைகள் முன்னால் ஒருவர் நாற்பது நிமிடம் ஒரு சொல்லும் பேசாமல், தவழ்வதில் தொடங்கிப் பள்ளிப் பை மாட்டுவது வரை வளர்ந்து காட்டும் நாடகம் இந்த இரண்டிலும் சேராது. அதற்குத் தமிழில் என்ன பெயர்?

‘கிளவுன்’ ஆங்கிலத்தில் 16ஆம் நூற்றாண்டில் பதிவாகும் சொல். முதற்பொருள் நாட்டுப்புறத்தான், நாகரிகம் தெரியாதவன். எந்த மொழியிலிருந்து வந்தது என்பதில் அறிஞர்களிடையே உடன்பாடில்லை. மேடையில் அதற்கு நிலையான உருவம் கொடுத்தவர் இலண்டன் நடிகர் ஜோசப் கிரிமால்டி (1778-1837). வெள்ளை பூசிய முகமும் கன்னத்துச் சிவப்பும் அவர் வழியாகப் பரவியவை. இன்றைய சிறார் நாடகக் கோமாளி வேறு கிளை. பாரிஸில் 1956இல் நாடகப் பள்ளி தொடங்கிய ழாக் லெக்கோக், பூச்சையெல்லாம் நீக்கிவிட்டு ஒரு சிவப்பு மூக்கை மட்டும் வைத்துக்கொண்டார். உலகின் மிகச் சிறிய முகமூடி என்று அதைச் சொன்னார். முகமூடி மறைக்கும், இந்த மூக்கோ நடிகரின் தடுமாற்றத்தை வெளியே கொண்டுவரும்.

தமிழில் புழங்கும் சொற்களைப் பார்ப்போம். ‘ஜோக்கர்’ சீட்டுக்கட்டிலும் சர்க்கஸிலும் ஒட்டிக்கொண்ட சொல். ‘பபூன்’ நாடகக் கம்பெனிக் காலத்து வரவு. கன்னத்தை ஊதுதல் என்னும் பொருள்கொண்ட இத்தாலியச் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ‘பஃபூன்’ ஆகி, ஸ்பெஷல் நாடக மேடையில் பபூனாக இறங்கியது. பபூனின் தொழிலே வாய்தான். சிலேடையும் இரட்டை அர்த்தமும் இல்லாமல் அவர் ஐந்து நிமிடம் நிற்க முடியாது. தெருக்கூத்தின் கட்டியங்காரனும் பேச்சுக்காரர்தான்: அரசன் வருகையை அறிவிப்பார், கேள்வி கேட்பார், நடுவே கேலி செய்வார். வடமொழி நாடகங்களில் வரும் நகைச்சுவைப் பாத்திரமான விதூஷகனின் வேர்ப்பொருளில் குறை சொல்லல் இருக்கிறது. மலாயில் ‘பாடுட்’. கிளந்தான் நிழற்பாவைக் கூத்தில் பாக் டோகோல், வாக் லோங் என்ற இரண்டு கோமாளிப் பாவைகள் உண்டு. அவற்றின் உயிரும் பேச்சில்தான்.

‘கோமாளி’யின் உறவு வேறு. கோ என்றால் அரசன் என்று பிரித்து அரசவைக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. பக்கத்திலேயே கோமாளம், கும்மாளம் என்ற சொற்கள் இருக்கின்றன. இரண்டும் துள்ளி விளையாடுவதைக் குறிப்பவை. மலையாளத்திலும் கோமாளியே. வாயைச் சுட்டாமல் உடம்பைச் சுட்டும் சொல் இது ஒன்றுதான். ‘அரசியல் கோமாளி’ என்று வசைபாடும் வழக்கு இருப்பதால் சிலர் தயங்குகிறார்கள். ஆங்கிலத்திலும் அது வசைச்சொல்தான். அதற்காக அவர்கள் விட்டுவிடவில்லை.

பொருத்தத்துக்கு இன்னொரு உரைகல் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் இருக்கிறது. நகை, அதாவது சிரிப்பு, நான்கிலிருந்து பிறக்கும் என்கிறது அது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல் பபூனின் சொத்து. சிறார் மேடைக் கோமாளிக்கு மற்ற மூன்றும் போதும். மடன், அதாவது மடம் என்பதற்கு உரைகாரர்கள் தரும் விளக்கம், கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை. அதாவது கற்றுக்கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு விடாதிருத்தல். காலுறையைக் காலில் மாட்டக் கற்ற கோமாளி தொப்பியையும் காலில் மாட்டுவார், பையையும் காலில் மாட்டுவார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், ஏனென்றால் போன வருடம்தான் அவர்களே அதைக் கடந்து வந்தார்கள். எள்ளல் நுழைந்தால் ஆட்டம் கெடும். குழந்தைக் குரலில் கொஞ்சிப் பேசிக் காட்டும் பெரியவரைப் பார்த்து ஐந்து வயதுப் பிள்ளை சிரிக்காது. தன்னைத்தான் கேலி செய்கிறார் என்று அதற்குத் தெரியும்.

அடுத்த சிக்கல் ‘சொல் இல்லாத’ என்பதை எப்படிச் சொல்வது. ‘ஊமை நாடகம்’ பழைய வழக்கு. ஊமைப்படம் என்பதன் தொடர்ச்சி. பேச இயலாதவரைக் குறிக்கும் சொல்லை வடிவத்தின் பெயராக்குவது இன்று உவப்பாக இல்லை, பொருளும் சரியில்லை. ‘மௌன நாடகம்’ என்றால் அமைதி என்றாகிறது. இந்த மேடையிலோ இசை உண்டு, விக்கல் உண்டு, அழுகை உண்டு, தும்மல் உண்டு. ‘மைம்’ தனிக்கலை, இல்லாத சுவரையும் கயிற்றையும் உடலால் காட்டுவது. கோமாளிக்கோ உண்மையான நாற்காலி வேண்டும், அது உண்மையாகவே அவர் பேச்சைக் கேட்காமலிருக்க வேண்டும். ‘பான்டமைம்’ என்ற சொல்லிலும் கவனம் தேவை. கிரேக்கத்தில் ‘எல்லாவற்றையும் போலச்செய்பவர்’ என்று பொருள் தந்த அது, பிரிட்டிஷ் வழக்கில் பாட்டும் வசனமும் பார்வையாளர் கூச்சலும் நிறைந்த ஆண்டிறுதிக் கேளிக்கை. அந்தக் கேளிக்கையின் விளம்பரத்தில் ‘மௌன நாடகம்’ என்று மொழிபெயர்த்தால் வருபவர்கள் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

‘பேசா நாடகம்’ கிட்டத்தட்ட சரி. ஆனால் கோமாளி பேசுவார். பொருளில்லாத ஒலிகளால் கோபிப்பார், கெஞ்சுவார். அதற்கு நாடகக்காரர்கள் ‘கிராமெலோ’ என்கிறார்கள். தமிழில் நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது: மழலை. பேச்சு இருக்கிறது, சொல்தான் இல்லை. எனவே ‘சொல்லில்லாக் கோமாளி நாடகம்’. மலாயிலும் ‘தன்பா காத்தா’ என்பார்கள், சொல் இன்றி என்றே பொருள். நடுவில் வரும் ‘க்’ கட்டாயம். செல்லாக்காசு போல, ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தின் பின் வல்லினம் மிகும். சுவரொட்டிகளில் முதலில் காணாமல் போவது இந்த ‘க்’தான்.

வளர்தலைச் சொல்லின்றிக் காட்டப் பிள்ளைத்தமிழ்ப் பருவங்களைப் போல ஆயத்தமான அமைப்பு வேறில்லை. செங்கீரையில் ஒரு காலை மடக்கி மறுகாலை நீட்டி, இரு கையும் தரையில் ஊன்றித் தலைநிமிர்ந்து அசைய வேண்டும். சப்பாணியில் கைதட்டல். வாரானையில் தளர்நடை. அம்புலியில் எட்டாததை எட்டப் பார்ப்பது. ஒவ்வொன்றும் உடல்நிலை, வசனம் கேட்காது. நடிகர்கள் செய்யும் பெரும்பிழை, பருவங்களை வேகமாகத் தாண்டுவது. தவழ்வதிலிருந்து நிற்பதற்கு மட்டும் நான்கு, ஐந்து நிமிடம் கொடுக்கலாம்: நாற்காலியைப் பிடிப்பது, அது நகர்வது, விழுவது, எழுவது. ஒரே சேட்டை மூன்று முறை வர வேண்டும். முதல் முறை பிள்ளைகளுக்கு அறிமுகம், இரண்டாம் முறை உறுதி, மூன்றாம் முறை மாற்றம். ஒவ்வொரு விழுதலுக்குப் பின்னும் கோமாளி அவையை ஒரு மூச்சு நேரம் பார்க்க வேண்டும். அந்தப் பார்வையை விட்டுவிட்டால் விழுதல் வெறும் விபத்தாகிவிடும், சிரிப்பு வராது.

உடை விஷயத்தில் ஒரு எளிய உத்தி: ஒரே துணியில் மூன்று அளவில் தைத்த மூன்று சட்டைகள். முதல் சட்டையின் கை விரல்நுனியைத் தாண்டித் தொங்கும், கடைசிச் சட்டை முழங்கையோடு நிற்கும். ஆள் மாறவில்லை, சட்டைதான் சுருங்குகிறது; ‘வளர்ந்துவிட்டான்’ என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். காலணி மட்டும் எப்போதும் இரண்டு அளவு பெரிது.

அச்சத்தையும் பேச வேண்டும். இரண்டிலிருந்து நான்கு வயதில் பூசிய முகத்தைக் கண்டு அழும் பிள்ளைகள் பலர். வெள்ளைப் பூச்சு முகக்குறிகளை மறைத்துவிடுகிறது. ஆகவே பூச்சு வேண்டாம். நடிகர் மூக்கில்லாமல் நுழைந்து, எல்லோரும் பார்க்க உட்கார்ந்து, மூக்கை மாட்டட்டும். அரங்கை முழு இருட்டாக்கக் கூடாது. விளக்கை மூன்றில் ஒரு பங்காவது எரியவிடலாம். முதல் வரிசைப் பாய்க்கும் ஆட்ட இடத்துக்கும் ஒன்றரை மீட்டர் இடைவெளி. எண்பது பிள்ளைகளுக்கு மேல் போனால் பின்வரிசைக்கு முகம் எட்டாது. கோலாலம்பூர் செந்தூலில் பழைய ரயில்வே பட்டறைக் கட்டடத்தில் இயங்கும் கேஎல்பேக் அரங்க வளாகத்தில் பெரிய அரங்கு 504 இருக்கை. இந்த வகைக்கு அங்குள்ள சிறிய அரங்கே ஏற்றது.

தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் ஆடுவதென்றால் கணக்கு வேறு. மேல்விசிறி மெல்லிய துணியையும் பலூனையும் அடித்துக்கொண்டு போகும். ஆட்ட இடத்துக்கு மேலுள்ள விசிறியை நிறுத்திவிட்டு ஓரத்து விசிறிகளை ஓடவிடலாம். பளபளப்பான தரையில் காலுறையோடு ஆடினால் திட்டமிடாத விழுதலும் சேர்ந்துவிடும்; அடியில் ரப்பர் ஒட்டிய காலணி நல்லது. பிற்பகல் மூன்று மணிக்கு மழை தகரக் கூரையில் இறங்கினால் இசை கேட்காது. விக்கலும் மழலையும் அதில் அடிபட்டுப் போகும். காலை ஒன்பதரையிலிருந்து பத்தரைக்குள், பிள்ளைகள் ஓய்வு நேரத்துக்குப் போய்வந்த பிறகு வைத்துக்கொள்வது உத்தமம். பசியோடு உட்கார்ந்த பிள்ளையைக் கோமாளியாலும் பிடித்துவைக்க முடியாது.

பிள்ளைகள் கத்துவார்கள். “பின்னாலே!”, “பெலாக்காங்!”, “பிஹைண்ட்!” என்று ஒரே மூச்சில் மூன்று மொழியும் கிளம்பும். ஆசிரியர்கள் ‘உஷ்’ என்று அடக்குவதைத் தொடக்கத்திலேயே தடுத்துவிட வேண்டும், மேடையில் இல்லாத சொல் அவையிலிருந்துதான் வருகிறது. சுவரொட்டிக்கு இது போதும்: ‘சொல்லில்லாக் கோமாளி நாடகம். 3 முதல் 6 வயது வரை. 40 நிமிடம். பிள்ளைகள் சத்தம் போடலாம்.’