காணிக்காப்பு அறக்கட்டளை: ‘லேண்ட் டிரஸ்ட்’ என்பதற்கு ஒரு சொல் விளக்கம்

பறவைகளின் வாழிடப் பாதுகாப்பைப் பற்றிய எழுத்துகளில் இன்று அடிக்கடி காணப்படும் ‘லேண்ட் டிரஸ்ட்’ என்னும் பெயர், ஒரு காணியின் இயற்கை நிலையை என்றென்றைக்கும் காக்கும் பொருட்டு அக்காணியையோ அதன்மீதுள்ள சில உரிமைகளையோ பொறுப்பேற்கும் இலாப நோக்கற்ற அமைப்பைக் குறிக்கும். சார்ள்ஸ் எலியட் என்னும் நிலவடிவமைப்பாளரின் முயற்சியால் 1891இல் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்தில் தோன்றிய அமைப்பை இவ்வகையில் முதலாவது என்பர்.

‘டிரஸ்ட்’ என்பதன் வேர், நம்பிக்கையையும் துணையையும் குறித்த, பண்டைய ஸ்காண்டிநேவியரின் மொழியான பழைய நோர்ஸ் மொழிச் சொல். ஒருவர் தம் நிலத்தை வேறொருவரின் நன்மைக்காக நம்பகமானவரின் பெயரில் ஒப்படைக்கும் இங்கிலாந்தின் இடைக்கால வழக்கத்திலிருந்தே அதன் சட்டப்பொருள் வளர்ந்தது. இலங்கையில் ‘டிரஸ்ட்’ பற்றிய 1917ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இத்துறையை ஆள்கிறது. நமது சட்டத் தமிழ் இதனை ‘நம்பிக்கைப் பொறுப்பு’ என்று வழங்குகிறது. அது பிழையற்ற சொல். ஆயினும் நீதிமன்றத்துக்கு வெளியே ‘அறக்கட்டளை’ என்பதே நன்கு பழகியிருக்கிறது. கட்டளை என்பது கோயிற் பூசைக்கோ அன்னதானத்துக்கோ எழுதிவைக்கப்படும் நிலையான ஏற்பாடு. நிலக்கொடைகளைப் பொறித்த கல்வெட்டுகள், சந்திரரும் சூரியரும் உள்ளவரை அவை நிலைக்கவேண்டும் என்னும் பொருளில் ‘சந்திராதித்தவல்’ என்று கூறுவதை நினைத்தால், என்றென்றைக்குமான காப்பு என்னும் எண்ணம் தமிழருக்குப் புதிதன்று.

முன்னொட்டாக ‘நிலம்’ என்பதிலும் ‘காணி’ என்பதே பொருத்தமானது என்பது என் கருத்து. நிலம் பொதுச்சொல், காணியோ, பழங்காலந்தொட்டு உரிமையோடு பிணைந்த சொல். கொழும்பில் நொத்தாரிசு முன்னிலையில் உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், முடித்து நாம் கைமாற்றுவதும் காணியைத்தான். இவ்வமைப்புகளின் வேலையும் உரிமையைப் பற்றியதே. அவை சில காணிகளை விலைக்கு வாங்குகின்றன, சிலவற்றை நன்கொடையாகப் பெறுகின்றன. ஆயினும் அவற்றின் தனிச்சிறப்பான கருவி ‘கன்சர்வேஷன் ஈஸ்மென்ட்’ என்பதாகும். அதன்படி உரிமையாளர் காணியைத் தம்மிடமே வைத்துக்கொண்டு பயிரிடலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதிவைக்கலாம். துண்டாடுவதற்கும் கட்டடம் எழுப்புவதற்குமான உரிமையை மட்டும் உறுதியில் எழுதித் துறந்துவிடுகிறார். அயற்காணியின் ஊடான வழியுரிமை, காணி கைமாறினாலும் தொடர்வதைப்போல, இக்கட்டுப்பாடும் அடுத்தடுத்த உரிமையாளர் அனைவரையும் பிணைக்கும். அது மீறப்படாமல் இருக்கிறதா என்று அறக்கட்டளையினர் காலந்தோறும் சென்று பார்வையிடுவர்.

பறவைகளுக்கு இது இன்றியமையாதது. வட அமெரிக்காவில் 1970க்குப் பின் ஏறத்தாழ 300 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. புல்வெளிப் பறவைகளின் இழப்பே மிகப் பெரிது. வைக்கோற்புல் வயல்களில் தரையில் கூடுகட்டும் பொபோலிங்க் பறவையின் குஞ்சுகள் பறக்கத் தொடங்கும்வரை புல்லறுப்பைத் தள்ளிவைக்குமாறு விவசாயிகளோடு உடன்படிக்கை செய்யும் அமைப்புகள் அங்கு உள்ளன. அப்புல்வெளிகளிற் பெரும்பகுதி தனியார் வசமிருப்பதால், உரிமையாளரின் மனமொப்பிய உடன்பாடின்றி அரசின் காப்பிடங்களால் மட்டும் அப்பறவைகளைக் காக்க இயலாது.

நம் நாட்டுக்கு வருவோம். ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையாகிய ராம்சாரின்கீழ், கொழும்பு 2018இல் ஈரநில நகரமாக ஏற்கப்பட்டது. கொழும்பை அடுத்து, 1990இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பெல்லன்வில–அத்திடிய ஈரநிலத்தின் பரப்பு 372 ஹெக்டேயர். நமது சட்டத்தின்கீழ்ச் சரணாலயத்தினுள் தனியார் காணிகளும் அடங்கலாம் என்பதை இங்கே கருதவேண்டும். நீலத்தாழைக்கோழியும் நீளவால் இலைக்கோழியும் வாழும் சதுப்பும் கைவிடப்பட்ட வயலும் நிரப்பப்படாமல் இருப்பது, அத்தகைய காணிகளைப் பொறுத்தவரை, அவற்றின் உரிமையாளரின் முடிவையும் சார்ந்தது. ஆகவே இக்கருத்தை நாம் தெளிவான தமிழில் பேசவேண்டிய தேவை உண்மையானது.

எனவே ‘லேண்ட் டிரஸ்ட்’ என்பதைக் ‘காணிக்காப்பு அறக்கட்டளை’ என்றும், ‘கன்சர்வேஷன் ஈஸ்மென்ட்’ என்பதைக் ‘காணிக்காப்பு உறுதி’ என்றும் வழங்கலாம். பின்னதற்குக் ‘காப்புரிமை’ என்று எழுதுவது பொருந்தாது; அச்சொல் கண்டுபிடிப்புகளுக்கும் படைப்புகளுக்கும் உரியதாக ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது.