கருக்கலைப்பு: சட்டம் எதத் தடுக்குது, எதத் தடுக்கல்ல

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் கருக்கலைப்புக் கதை வந்தா முதல் கேள்வி "இவளுக்குப் புத்தி எங்க போச்சு" எண்டதுதான், கருவுக்குக் காரணமானவன்ட பேரு கடைசியாத்தான் வரும், சில நேரம் வராமலே போயிடும். பாவமா இல்லையா எண்டு கோயில்லயும் பள்ளியிலயும் சேர்ச்சிலயும் பேசுறத நான் குறை சொல்லல்ல, உயிர் சம்பந்தப்பட்ட விசயம், பேசத்தான் வேணும். ஆனா சட்டம் என்னெண்டு தெரியாத பயத்துல, ரத்தம் போகப் போக அறைக்குள்ள ஒளிச்சுக் கிடக்கிற புள்ளைகளுக்காகத்தான் இத எழுதுறன்.

இலங்கைச் சட்டம் பழசு, 1883ம் ஆண்டு தண்டனைச் சட்டக்கோவை. 303ம் பிரிவுப்படி தாய்ட உயிரக் காப்பாத்த நல்லெண்ணத்தோட செய்றதத் தவிர மத்த எல்லாம் குற்றம், 3 வருசம் வரைக்கும் மறியல் இல்லாட்டி தண்டப்பணம் இல்லாட்டி ரெண்டும், வயித்துல புள்ள துடிக்கத் தொடங்கின பொறகெண்டா 7 வருசம் வரைக்கும் போகும். செஞ்சு விட்ட ஆள் மட்டுமில்ல, தனக்குத்தானே செஞ்ச பொம்புளையும் இதுக்குள்ள வாறா. அவட சம்மதம் இல்லாம கலைச்சா, தெரியாம மாத்திர கலந்து குடுத்தாலும்தான், அது 304, 20 வருசம் வரைக்கும்.

பலாத்காரத்தால தங்கின கருவுக்கு விலக்கு இல்ல. பொறந்தாலும் தங்காது எண்டு ஸ்கேன்ல தெரிஞ்ச புள்ளைக்கும் இல்ல. 1995லயும் 2017லயும் மாத்தப் பாத்தாங்க, சரி வரல்ல. பள்ளிக்கூடம் போற புள்ளைய ஒருத்தன் கெடுத்துப்போட்டுப் போக, "நீ கவனமா இருந்திருக்கணும்" எண்டு அவளுக்குப் பொறுப்புப் படிப்பிக்கிறத என்னால ஏத்துக்க ஏலாது. அவள் 16 வயசுக்குக் குறைவெண்டா, ஓம் எண்டு சொல்லியிருந்தாலும் சட்டத்துல அது பலாத்காரம்தான்.

இப்ப கட்டாயம் தெரிஞ்சிருக்க வேண்டியது. கரு தானாக் கலைஞ்சாலும் சரி, எங்கயோ போய்க் கலைச்சு வந்தாலும் சரி, அதுக்குப் பொறகு வைத்தியம் செய்றத எந்தச் சட்டமும் தடுக்கல்ல. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையோ அம்பாறை பெரியாஸ்பத்திரியோ களுவாஞ்சிகுடியோ, அரசாங்க ஆஸ்பத்திரி எண்டா காசில்ல, கலியாணம் முடிக்காத புள்ளையெண்டாலும் பாக்கத்தான் வேணும். ரத்தம் நிக்காமப் போனா, காய்ச்சல் குளிர் அடிச்சா, தலை சுத்தி விழுந்தா விடியும் வரைக்கும் பாத்துக்கிட்டு இருக்காதீங்க, 1990க்கு அடிச்சா அம்புலன்ஸ் வரும், அதுவும் இலவசம்தான். என்ன மாத்திர போட்ட, எத்தின மாசம் எண்டத டொக்டர்ட்ட மறைக்க வேணாம் புள்ள, மறைச்சா வைத்தியம் பிழைச்சிடும்.

பொறுப்பு பொறுப்பு எண்டு சொல்ற ஆம்புளைகளுக்கும் ஒண்டு, குடும்பக் கட்டுப்பாடு பொம்புளைக்கு மட்டுமுள்ளதில்ல, எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்குல ஊசி, லூப், மாத்திரையோட கொண்டமும் கிடைக்கும், மிட்வைஃப் மிஸ்ஸிட்ட கேளுங்க. பாதுகாப்பில்லாம உறவு நடந்துட்டா 72 மணித்தியாலத்துக்குள்ள போடுற மாத்திர பாமசியில இருக்கு, அது கரு தங்காமத் தடுக்கிறது, தங்கின கருவக் கலைக்காது.

பெத்து வளக்க ஏலாத நிலையெண்டா புள்ளையக் கைமாத்திக் குடுக்கப்படாது, நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தால கோட்டுக்குப் போய்த்தான் தத்துக் குடுக்கலாம். வீட்டுல அடி உதை, கட்டாயப்படுத்தல் எண்டா பொம்புளைகளுக்கான உதவி நம்பர் 1938க்கு அடிங்க, சின்னப் புள்ளையெண்டா 1929க்கு.