பழைய பாஞ்சோவில் எதற்குப் பணம் கொடுக்கிறோம்?

பறையின் வட்டத்தில் வீணையின் தண்டியைப் பொருத்தி, தோலின் மேலேயே தந்திகளைத் தாங்கும் குதிரையை நிறுத்தினால் கிடைப்பதுதான் ஏறத்தாழ பாஞ்சோ. நம் ஊர்க் கடைகளில் தட்டச்சுப் பொறி போன்ற கட்டைகளுடன் அதே பெயரில் விற்கும் புல்புல் தரங் வேறு வாத்தியம். இங்கே பேசப்போவது அமெரிக்க பாஞ்சோவைப் பற்றி. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட மக்கள், சுரைக்குடுவையில் தோல் போர்த்தித் தந்தி கட்டிய தங்கள் நாட்டு வாத்தியங்களின் நினைவோடு கரிபியத் தீவுகளிலும் வட அமெரிக்காவிலும் உருவாக்கிய கருவி அது. 1840களிலேயே பால்டிமோரில் வில்லியம் பௌச்சர் அதை விற்பனைக்காகச் செய்துகொண்டிருந்தார். 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் அது தொழிற்சாலைப் பொருளாகிவிட்டதால், நூறு வயதைக் கடந்த பாஞ்சோக்கள் இன்றும் சில நூறு டாலருக்கு அங்கே விலைக்கு வருகின்றன.

குறைந்த பணத்தோடு அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, பாஞ்சோ திருகுகளால் பூட்டப்பட்ட வாத்தியம் என்பதே. வயலினின் ஒலி, செதுக்கி ஒட்டிய மரத்தோடு பிறந்தது. அதை எளிதில் மாற்ற இயலாது. பாஞ்சோவிலோ தோல், குதிரை, தந்தி, தந்தியை முறுக்கும் பிரடை, தோலை இழுத்துப் பிடிக்கும் கொக்கி எல்லாவற்றையும் கழற்றிப் புதியன போடலாம். ஆகவே கடைக்காரர் வாசித்துக் காட்டும் ஒலியைக் கேட்டு விலை பேசுவதைவிட, மாற்ற முடியாத உறுப்புகளின் நிலையைப் பார்த்து விலை பேசுவதே அறிவுடைமை. ஏன் என்பது, அந்த ஒலி எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தால் விளங்கும்.

மீட்டும் விரல் தந்திக்குக் கொடுப்பது ஓர் அளவான ஆற்றல் மட்டுமே. மெல்லிய தந்தி தானாகக் காற்றைப் பெரிதாக அசைக்காது. குதிரையின் வழியாக ஓர் அகன்ற பரப்பை அசைத்தாக வேண்டும். கித்தாரில் அந்தப் பரப்பு சுமார் மூன்று மில்லிமீட்டர் தடிப்புள்ள மரப்பலகை. அது எளிதில் அசைந்துகொடுக்காமல் ஆற்றலைச் சிறிது சிறிதாக வாங்கிக்கொள்வதால் ஒலி மென்மையாக, நீண்டு நிற்கிறது. பாஞ்சோவின் முகமோ கால் மில்லிமீட்டர் அளவே தடிப்புள்ள தோல் அல்லது பாலியெஸ்டர் படலம்; அதன் மேல் நிற்கும் குதிரையின் எடை இரண்டு கிராம் அளவுதான். தந்தியின் ஆற்றல் கொட்டியதுபோல் முகத்துக்குப் போய்விடுகிறது. அதனால் ஒலி உரக்க எழுந்து உடனே அடங்கிவிடுகிறது. 1945 டிசம்பரில் அமெரிக்க புளூகிராஸ் இசைக்கலைஞர் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்த ஏர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்று விரல்களால் இடைவெளியின்றிச் சுரங்களைப் பொழிந்த பாணி, இவ்வளவு விரைவில் அடங்கும் ஒலிக்கு எவ்வளவு பொருத்தமானது என்பதை இதை அறிந்தபின் கேட்டுப் பார்க்க வேண்டும்.

அந்த ஒலியில் உள்ள உலோகக் கணீர் எங்கிருந்து வருகிறது? 2004ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவரும் தாமே பாஞ்சோ வாசிப்பவருமான டேவிட் பொலிட்சர் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். தந்திகள் குதிரையின் மேலேறி, மறுபுறம் தந்திகளின் முனைகளைப் பிடித்திருக்கும் நாகபாசத்தை நோக்கிச் சாய்வாக இறங்குகின்றன. முகம் அதிரும்போது குதிரையும் மேலும் கீழும் அசைகிறது. அந்தச் சாய்வின் காரணமாக ஒவ்வோர் அசைவிலும் தந்தி நூலிழை இழுபட்டுத் தளர்கிறது. இழுவிசை மாறினால் சுருதியும் மாறும். காது தனியே பிரித்தறிய முடியாத வேகத்தில் நிகழும் இந்தச் சுருதி அசைவே அந்தக் கணீரின் முக்கியக் காரணம் என்பது அவருடைய விளக்கம். வாங்குபவருக்கு இதில் ஒரு பயன் உண்டு. பல பாஞ்சோக்களில் நாகபாசத்தை உயர்த்தவும் தாழ்த்தவும் திருகு இருக்கிறது. அதைத் திருப்பினால் சாய்வுக் கோணம் மாறி, ஒரு காசு செலவில்லாமல் ஒலியின் குணமும் மாறும்.

முகத்தின் இறுக்கம் இதைவிடப் பெரிய மாற்றத்தைச் செய்யும். மழைக்காலத்தில் பறையின் தோல் ஈரம் வாங்கித் தொய்வதும், தீயில் காய்ச்சினால் முறுக்கேறுவதும் நமக்குத் தெரிந்தவையே. பழைய பாஞ்சோவின் கன்றுத்தோல் முகமும் அப்படித்தான் நடந்துகொள்ளும். 1950களின் இறுதியில் டிரம் வாத்தியங்களுக்குப் பாலியெஸ்டர் முகங்கள் வந்து, பின்னர் பாஞ்சோவுக்கும் பரவின. அவை ஈரத்துக்கு அசைவதில்லை. ஆகவே கிழிந்த தோலோடு மங்கிய ஒலி எழுப்பும் பாஞ்சோவைக் கண்டு விலகிப் போக வேண்டியதில்லை. பேரத்துக்கு அது நல்ல வாய்ப்பு. ஆனால் முகத்தின் விட்டத்தை அளந்துகொள்ள வேண்டும். இன்றைய பொது அளவு 11 அங்குலம். பழைய தயாரிப்பாளர்கள் மனம்போல் பல அளவுகளில் செய்தார்கள். பொருந்தும் முகம் கிடைக்குமா என்று விசாரித்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

அதிக விலைக்குக் காரணமாகச் சொல்லப்படுவது டோன் ரிங், அதாவது பாஞ்சோவின் வட்ட உடலான மரவளையத்துக்கும் முகத்துக்கும் இடையில் அமரும் உலோக வளையம். கனமும் விறைப்பும் உள்ள விளிம்பு தான் அசையாமல் முகத்தை அசையவிடுவதால் உயர் அதிர்வெண்கள் விளிம்பில் வீணாவது குறைகிறது. அதன் பயன் உண்மையானதே. இரண்டாம் உலகப் போருக்கு முந்திய, அமெரிக்காவின் கிப்சன் நிறுவனம் செய்த மாஸ்டர்டோன் பாஞ்சோக்களில் தட்டை வடிவ டோன் ரிங்கோடு பிறந்தவை பல பத்தாயிரம் டாலருக்குப் போகின்றன. அந்த விலையில் பெரும்பகுதி அரிதான தன்மைக்கான விலை. ஒலியியல் மட்டுமே அதை விளக்காது. சிக்கனமாக வாங்குபவர் அந்தப் பெயரை மறந்துவிடலாம்.

மறக்கக் கூடாதது தண்டி. ஐந்து உலோகத் தந்திகளின் மொத்த இழுவிசை 25 முதல் 30 கிலோ எடைக்குச் சமம். அது பல பத்தாண்டுகள் இழுத்துக்கொண்டே இருந்தால் மரம் மெல்ல வளையும். தண்டிக்குள் சரிசெய்யும் எஃகுக் கம்பியைப் பதிக்கும் முறைக்குக் கிப்சன் காப்புரிமை பெற்றது 1923இல்தான். அதற்கு முந்தைய தண்டிகளும், பிந்தைய மலிவான தண்டிகள் பலவும் மரத்தின் வலிமையையே நம்பியவை. சோதிப்பது எளிது. ஒரு தந்தியை, தண்டியின் குறுக்கே பதித்த மெட்டுகளில் முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். இழுபட்ட தந்தி நேர்கோடாகிவிடும். இப்போது ஏழாம் மெட்டுக்கும் தந்திக்கும் இடையே பாருங்கள். முகவரி அட்டை நுழையும் இடைவெளி நல்லது. நாணயம் நுழைந்தால் தண்டி வளைந்திருக்கிறது, கீழே வைத்துவிடுங்கள். இடைவெளி சரியாக இருந்தும் தந்திகள் மெட்டுக்கு மேல் உயரமாக நின்றால் அது வேறு கதை: தண்டி நேரானது, வளையத்தோடு சேரும் கோணம்தான் பிசகியிருக்கிறது. உள்ளே உள்ள இணைப்புக் கம்பியைத் திருகியோ, சேருமிடத்தில் மெல்லிய ஆப்பு வைத்தோ பெரும்பாலும் அதைச் சரிசெய்துவிடலாம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர் நல்ல பாஞ்சோவை விட்டுவிட்டுக் கெட்டதை வாங்கி வருவார்.

அடுத்தது மரவளையம். அளவுகோலால் இரண்டு மூன்று திசைகளில் விட்டத்தை அளந்தால் அது முட்டை வடிவமாகியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். வளையத்தைச் சுற்றி வார்ப்பு விளிம்புத் தகடு இருந்தால் அதையும் பக்கவாட்டில் நோக்க வேண்டும். துத்தநாகக் கலவையாலான தகடு, கொக்கிகளின் இழுப்பில் ஆண்டுக்கணக்கில் மெல்ல மேல்நோக்கி வளைந்து ஒருநாள் விரிசல் விடும். காணாமற்போன கொக்கிகள் பொருட்டல்ல.

எந்தக் காலத்துப் பாஞ்சோ என்று கேட்டால், நான்கு தந்தி போதும் என்பவருக்கு என் பரிந்துரை 1920களின் டெனார் பாஞ்சோ. ஒலிபெருக்கி பரவாத காலத்தில், ஊதுகருவிகளுக்கு நடுவே கேட்கும் தந்தி வாத்தியம் ஜாஸ் குழுக்களுக்குத் தேவைப்பட்டது. பாஸ்டனின் வேகா போன்ற நிறுவனங்கள் நல்ல மரத்தில் ஏராளமாகச் செய்தன. பின்னர் பொருளாதாரப் பெருமந்தம் வந்தது, கித்தார் அந்த இடத்தைப் பிடித்தது, டெனார்கள் பரண் ஏறின. செய்நேர்த்தி உயர்ந்து, தேவை குறைந்ததால் விலை தாழ்ந்த பொருள் அது. அயர்லாந்து இசைக்காரர்கள் மட்டும் தங்கள் நாட்டு பாஞ்சோ கலைஞர் பார்னி மெக்கென்னாவின் வழியில் அதைத் தாழ்ந்த சுருதியில் கட்டி இன்றும் விரும்பி வாசிக்கிறார்கள். ஐந்து தந்திதான் வேண்டும் என்றால், 1970களில் ஜப்பானிலிருந்து வந்த அலுமினிய வளையப் பாஞ்சோக்கள் கற்கத் தொடங்க ஏற்றவை; ஒலி சற்று மெலிந்தது, கட்டமைப்பு நம்பகமானது. 1890களின் அழகிய பாஞ்சோக்களை வாங்கினால் நைலான் தந்தி மட்டுமே கட்டுங்கள். நரம்புத் தந்திக்காகச் செய்த மெல்லிய தண்டி அது. எஃகுத் தந்தியின் இழுப்பில் அதை வளையவிடுவது பெருங்குற்றம்.

வாசித்துப் பார்க்கும்போது மேல் மெட்டுகளில் சுருதி பிசகினால் உடனே குறை சொல்லிவிட வேண்டாம். பாஞ்சோவின் குதிரை ஒட்டப்படுவதில்லை, தந்தியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. ஒரு பயணத்திலேயே நகர்ந்துவிடும். தண்டியின் தலைப்பில் தந்திகள் தங்கும் மேருவிலிருந்து பன்னிரண்டாம் மெட்டு எவ்வளவு தொலைவோ, அங்கிருந்து குதிரையும் ஏறத்தாழ அவ்வளவு தொலைவில் இருக்க வேண்டும். பன்னிரண்டாம் மெட்டின் மேல் தந்தியை விரலால் தொட்டும் தொடாமலும் மீட்டி, பிறகு அதே மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். அழுத்திய சுரம் உயர்ந்து ஒலித்தால், தந்திகளைச் சற்றுத் தளர்த்திக் குதிரையை நாகபாசத்தின் பக்கம் ஒரு மில்லிமீட்டர் நகர்த்தி, மீண்டும் சுருதி கூட்டி ஒப்பிட்டுப் பாருங்கள்.