'ஸீ ஐ டூ ஐ': பொருளும் தமிழும்

இரண்டு பேர் ஒரு விஷயத்தை ஒரே விதமாக நினைத்தால் ஆங்கிலத்தில் 'ஸீ ஐ டூ ஐ' (see eye to eye) என்பார்கள். எதிர்மறையில்தான் இது அதிகம் புழங்குகிறது: பங்காளிகளுக்குள் ஒத்துவரவில்லை, கூட்டணிக் கட்சிகளுக்குள் ஒத்துவரவில்லை என்கிற இடங்களில்.

1611இல் வெளியான ஆங்கில மொழிபெயர்ப்பான கிங் ஜேம்ஸ் பைபிளில் இந்தத் தொடர் இருக்கிறது, ஏசாயா என்ற நூலின் 52:8ஆம் வசனத்தில். ஆண்டவர் சீயோனுக்கு, அதாவது எருசலேமுக்கு, திரும்புவதை அந்நகரின் காவலர்கள் பார்க்கும் காட்சி அது. எபிரேய மூலத்தில் உள்ளது 'அயின் பெஅயின்', அதாவது கண்ணோடு கண். மிக அருகில், நேருக்கு நேர் காண்பது என்பதே பொருள். கருத்தொற்றுமை என்ற பேச்சே அங்கு இல்லை. பைபிளின் இன்னொரு நூலான எண்ணாகமத்தில், 14:14இலும் இதே எபிரேயத் தொடர் வருகிறது. அங்கே தமிழ் வேதாகமம் 'முகமுகமாய்' என்கிறது. ஏசாயாவிலோ 'கண்ணாரக் காண்பார்கள்'! மூலத்தின் பரவசத்தை ஆங்கிலத்தைவிட இது நன்றாகப் பிடித்திருக்கிறது. அதே வசனத்தில் காவலர்கள் ஒன்றாகக் குரலெழுப்பிப் பாடுகிறார்கள். அந்த ஒருமைதான் பிற்காலத்தில் தொடரின் பொருளை 'ஒத்த கருத்து' பக்கம் திருப்பியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

தமிழில் இதை 'கண்ணோடு கண் பார்த்தார்கள்' என்று எழுதினால் காதல் காட்சி ஆகிவிடும். "கண்ணொடு கண்இணை நோக்கொக்கின் வாய்ச்சொற்கள் என்ன பயனும் இல" என்ற 1100ஆம் குறள் காமத்துப்பாலில், குறிப்பறிதல் அதிகாரத்தில் இருக்கிறது. அங்கும் 'ஒக்கின்' என்றுதான் வள்ளுவர் சொல்கிறார்; ஆனால் ஒத்துப்போவது இரு மனங்களின் காதல். 'கண்ணுக்குக் கண்' என்று போட்டாலோ பழிவாங்கல்.

பேச்சுக்கு 'ஒத்துப்போதல்' போதும். எழுத்தில் 'கருத்தொருமித்தல்', 'ஒருமனப்படுதல்' பொருந்தும். 'உடன்பாடு' என்ற சொல்லில் மட்டும் கவனம் வேண்டும். "எனக்கு இதில் உடன்பாடில்லை" என்பது சரியான, அழகான தமிழ். ஆனால் "இருவருக்கும் உடன்பாடு ஏற்பட்டது" என்றால், பேசித் தீர்த்து ஒரு முடிவுக்கு வந்தார்கள் என்றாகிவிடும். மனத்துக்குள் வேறு வேறாக நினைத்துக்கொண்டே விட்டுக்கொடுத்து உடன்பாட்டில் கையெழுத்திடுபவர்கள் உண்டு. அவர்களைப் பற்றி எழுதும்போது இந்த ஆங்கிலத் தொடர் பொருந்தாது. 'சமரசம்' என்றே எழுதலாம்.