‘ரா’ கோப்பு: இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

‘ரா’ என்பது கேமரா பதிந்ததைப் பதப்படுத்தாமல் அப்படியே சேமிக்கும் கோப்பு வகை. கேமரா மெனுவில் அதை RAW என்று ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் போட்டிருப்பதால், வழக்கமான பட வடிவமான ஜேபெக் (JPEG) மாதிரி இதுவும் ஏதோ சுருக்கப்பெயர் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சமைக்காதது, பச்சையானது என்று பொருள்படும் சாதாரண ஆங்கிலச் சொல்தான். இதற்கும், பச்சையான என்று பொருள்படும் இலத்தீனின் ‘குரூடுஸ்’ என்ற சொல்லுக்கும் வேர் ஒன்றே. கச்சா எண்ணெயைக் குறிக்கும் ‘குரூட்’ அந்த இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பதால், இரண்டும் சொந்தக்காரச் சொற்கள்.

சரி, கோப்புக்குள் என்ன இருக்கிறது? பெரும்பாலான கேமராக்களில் ஒளியைப் பதியும் சென்சாரின் மேல் பேயர் வடிகட்டி என்ற நிற வடிகட்டி இருக்கும். கோடாக்கில் வேலை செய்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. நான்கு கட்டங்களில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். அதாவது ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தின் அளவைத்தான் பதிகிறது, மீதி இரண்டையும் மென்பொருள் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணக்கிட்டு நிரப்ப வேண்டும். 14 பிட் கோப்பில் ஒரு புள்ளிக்கு 16,384 படிநிலைகள் வரை உண்டு, ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256தான். இந்த எண்களை ஒன்றும் செய்யாமல் திரையில் காட்டினால் படம் இருண்டு, சப்பென்று, பச்சை பூசினாற்போல இருக்கும். எனவே ‘ரா எடுத்தால் நிறம் இயற்கையாக வரும்’ என்று சொல்வது தவறு. திறந்ததும் நீங்கள் பார்ப்பது அந்த மென்பொருள் தன் கணக்கில் போட்ட நிறத்தை.

தமிழில் ‘மூலக் கோப்பு’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அது போதவில்லை, ஏனென்றால் திருத்தாத ஜேபெக்கையும் மூலம் என்றுதான் சொல்வோம். ‘பச்சைக் கோப்பு’ பொருளில் மிகச் சரி, பச்சைப்பால் பச்சைமண் என்றெல்லாம் சொல்கிறோமே, ஆனால் நிறத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் பச்சை என்றால் குழப்பம்தான் மிஞ்சும். ஆகவே ‘கச்சாக் கோப்பு’ என்பதே என் தேர்வு. கச்சா இந்தி வழியாக வந்த சொல்தான், இருந்தாலும் இன்னும் பதப்படுத்தவில்லை என்பது கேட்டவுடன் புரிகிறது. அதைப் படமாக்கும் வேலைக்குப் ‘பதப்படுத்துதல்’ என்ற சொல் அழகாகப் பொருந்தும்.

அந்தப் பதத்தை எப்படிப் பிடிப்பது? முதலில் புரொஃபைல், அதாவது படத்தின் அடிப்படை நிறத்தோற்றத்தை முடிவுசெய்யும் அமைப்பு. நிறத்தைத் தூக்கலாகக் காட்டும் ‘விவிட்’ வேண்டாம், ‘நியூட்ரல்’ அல்லது ‘ஸ்டாண்டர்ட்’ போதும், மற்ற எல்லாமே இதன்மேல்தான் நிற்கிறது. அடுத்து ஒயிட் பேலன்ஸ், தமிழில் வெண்சமநிலை, அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்வது. கச்சாக் கோப்பில் இது ஒரு குறிப்பாக மட்டுமே இருப்பதால் தரம் கெடாமல் பிறகு மாற்றலாம். ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் குறிப்பார்கள், பகல் வெளிச்சத்துக்குச் சுமார் 5500 கெல்வினில் தொடங்குங்கள். சாம்பல் நிறப் பொருளைச் சொடுக்கிச் சரிசெய்வது வசதிதான், ஆனால் மாலை வெயிலில் எடுத்த படத்தில் அப்படிச் செய்தால் அந்த மஞ்சள் முழுக்கப் போய்விடும், கண் பார்த்த மாலை அங்கே இருக்காது. பாதி தூரம் சரிசெய்து நிறுத்துவதுதான் நல்லது.

கான்ட்ராஸ்ட், அதாவது ஒளி மாறுபாடு, இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். முதலில் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் மொத்த வெளிச்ச அளவைச் சரிசெய்துவிட்டு அப்புறம் இதைத் தொடுங்கள். பல மென்பொருள்களில் மாறுபாட்டு வளைவு சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் மேலும் தனித்தனியாக வேலை செய்வதால், கான்ட்ராஸ்டைக் கூட்டினாலே நிறமும் தானாகச் செறிந்துவிடும். இது தெரியாமல் முதலிலேயே சாச்சுரேஷனை, அதாவது நிறச்செறிவை ஏற்றிவைத்தால் முகம் ஆரஞ்சாகி, புல் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். நிறச்செறிவைக் கடைசியாகப் பாருங்கள், பல படங்களில் அதைத் தொடவே தேவைப்படாது. நிழலை முழுக்கத் தூக்கி, வெளிச்சத்தை முழுக்க இறக்கி எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவதும் வேண்டாம். மரத்தடி நிழல் இருட்டாகத்தானே இருந்தது, அது படத்திலும் கொஞ்சம் இருட்டாகவே இருக்கட்டும்.