பாடம் எடுக்கிறது சரி, ஆருக்கு எடுக்கிறம்?

காலமை போனைத் திறந்தா குடும்ப குறூப்பில முதல் வாறது ஒரு பூப்படமும் அதுக்குக் கீழ ஒரு பாடமும்தான். ரயர் பங்ச்சர் ஆகி அஞ்சு நிமிசம் பிந்தினன், அந்த நேரம் பாத்து முன்னால ஒரு அக்சிடன்ட், கடவுள் எப்பிடிக் காத்தார் பாருங்கோ எண்டு ஒருத்தர். மட்ச்சில தேர்ட் அம்பயர் மாத்திக் குடுத்த தீர்ப்பை வைச்சு உலக முடிவில கடவுள் குடுக்கிற பொதுத்தீர்வையைப் பற்றி இன்னொருத்தர். படத்தில ஹீரோ கூட்டாளிக்காகக் குண்டு வாங்கின சீனை வெட்டிப்போட்டு இதுதான் சிலுவை எண்டு யூத் குறூப் பெடியள். எனக்கு இதில வெறுப்பு ஒண்டும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில நானும் இதைத்தான் செய்யிறன். கிழமை நாளில நான் உளவளத்துணையாளர். ரெண்டு வேலையையும் ஒரே ஆள் செய்யேக்க ஒண்டு கண்ணில படும், ஞாயிறு எல்லாரும் தலையாட்டிக் கேட்ட ஒரு பாடம் புதன்கிழமை என்ர மேசைக்கு முன்னால அழுதுகொண்டு வந்து இருக்கும். அதைப் பற்றித்தான் எழுதுறன். கீழ வாற கதையளில ஆக்களை அடையாளம் பிடிக்கேலாத மாதிரி மாத்தியிருக்கிறன்.

முதல்ல, அன்றாடக் காரியத்தில இருந்தும் கலையில இருந்தும் விசுவாசத்தைப் படிக்கிறது ஏதோ புதுப் பழக்கம் எண்டு ஆரும் நினைக்கவேண்டாம். யேசு சொன்னதே விதைக்கிறவனும் வலையும் புளிச்ச மாவும் வீட்டுக்குள்ள துலைஞ்ச காசும்தானே. பவுல் ஏதென்ஸ் பட்டணத்தில கதைக்கேக்க அந்த ஊர்க்காரருக்குத் தெரிஞ்ச கிரேக்கக் கவிஞரின்ர வரியைத்தான் எடுத்தார், அது வேற கடவுளைப் பாடின கவிதை, அவர் அதுக்காகக் கூச்சப்படேல்லை. எங்கட பக்கமும் அப்பிடித்தான், கரையோரக் கிராமங்களில புனிதர் எஸ்தாக்கியாரின்ர கதையைச் சொல்லுற எஸ்தாக்கியார் கூத்து விடியவிடியப் பாத்த சனத்துக்கு வேதம் பாதி கூத்துக் கொட்டகையிலதான் ஏறினது. நீ. மரியசேவியர் அடிகள் 1965 இல திருமறைக் கலாமன்றம் எண்ட கலை அமைப்பைத் தொடங்கினதும் அந்த வழிதான், தவக்காலத்தில அவையின்ர திருப்பாடுகளின் நாடகத்தைப் பாக்கச் சைவ ஆக்களும் வருவினம். 

வகுப்பில நான் கண்டது, பாடம் எங்கட மண்ணில இருந்து வந்தாப் பிள்ளையள் சும்மா கேட்டுக்கொண்டு இருக்காயினம். கோதுமை மணி மண்ணில விழுந்து செத்தாத்தான் பலன் குடுக்கும் எண்டு யோவான் 12 இல வருது, எங்கட பிள்ளையள் கோதுமையைக் கண்டது மா பையில மட்டும். பனங்கொட்டை தெரியும். ஆவணி புரட்டாதியில பழம் விழ, கொட்டையைப் பொறுக்கிப் பாத்தி போட்டு, மாரி மழை குடிக்க விட்டுட்டுத் தையில கிண்டினாக் கிழங்கு. அதைச் சொல்லிக்கொண்டு போக ஒரு சின்னவன் எழும்பி, "மிஸ், கிழங்கு கிண்டினாப் பிறகும் கொட்டையை வெட்டினா உள்ளுக்கு வெள்ளைச் சதையாப் பூரான் இருக்கும், இனிக்கும், அப்ப செத்தது எது?" எண்டான். பேந்து வகுப்பே ரெண்டாப் பிரிஞ்சு சண்டை, கோது செத்தது எண்டு ஒரு பக்கம், ஒண்டுமே சாகேல்லை எண்டு மற்றப் பக்கம், மணி அடிக்கிற வரைக்கும் விடேல்லை. நான் எழுதிக்கொண்டு போன முடிவை விட அந்தச் சண்டை நல்லாயிருந்தது. புளிச்ச மாவுக்கும் அப்பிடித்தான், அப்பத்துக்குக் கள்ளு விட்டு ஊற வைக்கிறதைச் சொன்னாக் காணும், ஈஸ்ற்றை விளங்கப்படுத்தத் தேவையில்லை (கள்ளைப் பற்றிக் கதைச்சதுக்கு ஒரு அம்மா வந்து முறைப்பாடு சொன்னவா, அது வேற கதை).

சரி, பிரச்சினைக்கு வாறன்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடையில, கட்டுவாப்பிட்டியில, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில குண்டு வெடிச்சது. அடுத்த அடுத்த நாளில வட்ஸ்அப் முழுக்கச் சாட்சியங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், பூசைக்குப் போகேல்லை, கடவுள் காப்பாத்தினார். அலாரம் அடிக்கேல்லை, கடவுள் நித்திரையாக்கினார். தப்பின ஆளின்ர வாயில இருந்து அது நன்றியா வாறது இயல்பு, அதை ஆரும் தடுக்கேலாது. ஆனா அது குறூப் குறூப்பாப் போய் ஒரு பாடமா மாறேக்க, சொந்தத்தில ஆளைப் பறிகுடுத்த ஒரு அக்காவின்ர போனுக்கும் போய்ச் சேந்தது. அவா என்னட்டக் கேட்டது ஒண்டே ஒண்டுதான், "அப்ப எங்கட பிள்ளையை அவர் நித்திரையாக்க மறந்துபோனாரோ?" அதுக்கு மறுமொழி சொல்லுற வேலையை நான் எடுக்கேல்லை, பக்கத்தில இருந்தன், அவ்வளவுதான்.

லூக்கா 13 ஆம் அதிகாரம் தொடக்கத்தை வாசிச்சுப் பாருங்கோ. சனம் யேசுவிட்ட அந்த நேரத்துச் சுடச்சுடச் செய்தியோட வருது, கோவிலுக்குப் பலி குடுக்கப் போன கலிலேயரைப் பிலாத்து கொலை செய்துபோட்டான் எண்டு. வழிபாட்டுக்குப் போன இடத்தில சாவு. அவர் தானே இன்னொரு செய்தியையும் எடுத்துப் போடுறார், சீலோவாமில கோபுரம் விழுந்து 18 பேர் செத்தது. செத்தவை மற்ற எல்லாரையும் விடப் பாவியளோ எண்டு கேட்டுப்போட்டு, இல்லை எண்டு நேராச் சொல்லுறார். பிறகு, நீங்கள் மனம் மாறுங்கோ எண்டு கேட்டுக்கொண்டு நிக்கிற ஆக்களின்ர பக்கம் திருப்புறார். செய்தியில இருந்து அவரும் பாடம் எடுத்தவர்தான், ஆனா அது செத்தவையின்ர தலையிலயோ அவையின்ர வீட்டுக்காரரின்ர தலையிலயோ போய் விழேல்லை. யோவான் 9 இலயும் அதேதான், பிறவிக்குருடனைக் கண்டோடன சீடர்மார் கேக்கிற முதல் கேள்வி ஆர் செய்த பாவம் எண்டது, அவர் ரெண்டு பக்கமும் இல்லை எண்டுபோட்டு அந்த மனுசனுக்குச் செய்யவேண்டியதைப் பாக்கத் தொடங்கிறார். சங்கிலி மெசேஜ் எழுதுற ஆக்களுக்கு இந்த ரெண்டு அதிகாரத்தையும் மனப்பாடம் செய்ய வைக்கவேணும் எண்டு எனக்குக் கனநாளா ஒரு ஆசை.

இன்னொரு அம்மா, மகன் காணாமல் ஆக்கப்பட்டவர். பின்னேரச் சாப்பாட்டில மகனுக்கும் ஒரு கோப்பை போட்டு மூடி வைக்கிறவா. ஒரு தியானத்தில, வீட்டை விட்டுப் போய்த் திரும்பி வந்த ஊதாரிப் பிள்ளையின்ர உவமையோட ஒரு சினிமாக் கதையைச் சேத்துச் சொல்லியிருக்கினம், தாய் விடாமச் செபிக்கிறா, கிளைமாக்சில மகன் படலையைத் திறந்துகொண்டு வாறான். நம்பிக்கை இருந்தா வருவான் எண்டு முடிச்சிருக்கினம். நல்ல மனசோட சொன்னதுதான். அண்டையில இருந்து இந்த அம்மா ஒரு நேரச் சாப்பாட்டையும் விட்டுட்டா, தன்ர விசுவாசம் காணாது, அதாலதான் பிள்ளை வரேல்லை எண்டு. வருசக்கணக்காத் தேடித் திரிஞ்ச மனுசிக்கு அதுக்கு மேல ஒரு குற்றவாளிப் பட்டமும் கிடைச்சுப்போச்சு.

இருக்கிறாரா இல்லையா எண்டே தெரியாத துக்கத்துக்கு அமெரிக்காவில போலின் பொஸ் எண்ட குடும்பச் சிகிச்சையாளர் 1970களில தெளிவில்லாத இழப்பு எண்டு பேர் வைச்சவா, வியட்நாம் யுத்தத்தில காணாமப்போன ஆமிக்காரரின்ர குடும்பங்களோடயும் வேலை செய்து கண்டது அது. அந்த நிலையில இருக்கிற ஆளிட்ட 'வருவார்' எண்டும் சொல்லக்கூடாது, 'இனி வரமாட்டார், மறவுங்கோ' எண்டும் சொல்லக்கூடாது, ரெண்டும் அவையின்ர கையில இருக்கிறதைப் பறிக்கிற வேலை. ஊதாரிப் பிள்ளையின்ர உவமை காத்திருக்கிற தாய்தகப்பனுக்குக் குடுத்த உத்தரவாதமும் இல்லை. லூக்கா 15 இன்ர தொடக்கத்திலயே கிடக்கு, பாவியளோட இருந்து சாப்பிடுறார் எண்டு முணுமுணுத்த ஆக்களுக்குச் சொன்ன கதை அது, தம்பி திரும்பி வந்த கோவத்தில வீட்டுக்குள்ள வரமாட்டன் எண்டு வாசல்ல நிண்ட மூத்தவனை நோக்கிப் போற கதை. அந்த அம்மாவோட கதைச்சுக் கதைச்சு, கோப்பையைப் போடுறது அவாவின்ர அன்பு, அது இருக்கட்டும், ஆனா தன்ர சோத்தையும் அவா சாப்பிடவேணும் எண்ட இடத்துக்கு வரக் கொஞ்சக் காலம் எடுத்தது.

அதால, படிப்பிக்கிற ஆக்களிட்ட நான் கேக்கிறது பெரிசா ஒண்டும் இல்லை. ஒரு படத்தையோ செய்தியையோ எடுக்க முதல், வாங்கில இருக்கிற ஆக்களுக்குள்ள அந்தச் சம்பவம் நடந்த வீட்டு ஆள் ஆர் எண்டு ஒருக்கா யோசியுங்கோ. யாழ்ப்பாணத்தில வெடிச்சத்தமும் தூக்குக்கயிறும் கடலும் ஆருக்கும் வெறும் சினிமா சீன் இல்லை. கிளிப்பைப் போட்டு முடிஞ்சோடன பாடத்தைச் சொல்லாம, பிள்ளையள் என்ன கண்டவை எண்டு முதல்ல கேளுங்கோ. ஹீரோவை விட்டுட்டு, குண்டு பட்டுச் செத்த அடியாளுக்கும் வீட்டில பிள்ளை இருக்கும்தானே எண்டு ஒரு பெட்டை கேட்டவள், நாங்கள் வளந்த ஆக்கள் ஆரும் அவனைப் பாக்கவே இல்லை.

பாடம் சரியோ பிழையோ எண்டு பாக்க ஒரு பழைய வழி இருக்கு. யேசு சபையைத் தொடங்கின லொயோலா இஞ்ஞாசியார் 1521 இல பம்பலோனாச் சண்டையில கால் உடைஞ்சு வீட்டில படுக்கையில கிடக்கேக்க வீரசாகசக் கதைப் புத்தகம் கேட்டவர், அந்தக் காலத்து மசாலாப் படம் அது. வீட்டில இருந்தது யேசுவின்ர வரலாறும் புனிதர்களின்ர கதையளும் மட்டும். ரெண்டு விதமாவும் கனவு கண்டு பாத்திருக்கிறார், வீரக்கதைக் கனவு அந்த நேரம் சோக்கா இருக்கும், முடிஞ்சாப் பிறகு மனம் வறண்டுபோகும், மற்றது முடிஞ்ச பிறகும் நிறைவா இருக்கும். கேக்கேக்க மயிர் கூச்செறியிறதை வைச்சு முடிவெடுக்காம, ஒரு நாள் கழிச்சு மனசில என்ன மிஞ்சிக் கிடக்கு எண்டு பாக்கிறது. பயமும் குற்ற உணர்வும் மட்டும் மிஞ்சினா அந்தப் பாடத்தை ஒருக்காச் சந்தேகப்படுங்கோ.

அதே இஞ்ஞாசியார் பிறகு ஸ்பெயினில மன்ரேசா எண்ட ஊரில இருக்கேக்க, குருவிட்டச் சொன்ன பாவத்தையே திருப்பித் திருப்பிச் சொல்லியும் நிம்மதியில்லாம, செத்துப்போகலாமோ எண்டு யோசிக்கிற அளவுக்குப் போனவர். அப்பிடியான ஆக்கள் எங்கட பங்கிலயும் இருக்கினம். பத்துப் பேருக்கு அனுப்பாட்டித் தீங்கு வரும் எண்ட மெசேஜைக் கண்டா எங்களுக்குச் சிரிப்பு, அவைக்கு அது ராத்திரி நித்திரை போற விசயம். ஒரு பெடியன் ஏஎல் சோதினைக்குப் படிக்கிற நேரத்தில அதை அனுப்பிறதும், சரியா அனுப்புப்பட்டதோ எண்டு பாக்கிறதும், திரும்ப அனுப்பிறதுமா இருந்தவன். அது பக்தி குறைஞ்சதும் இல்லை கூடினதும் இல்லை, ஓசிடி எண்ட, ஒரே எண்ணமும் ஒரே செய்கையும் திருப்பித் திருப்பி வாற மனநல வருத்தம் சமய வேசத்தில வாறது, வைத்தியத்தால நல்லாக் குறைக்கலாம்.

இன்னொண்டு கெதியாக் கவனிக்கவேண்டியது. எல்லாத்திலயும் கடவுளைக் காணுறன் எண்டு சொல்லுற ஆள், நாலஞ்சு நாளா நித்திரை கொள்ளாமலும் களைக்காமலும் இருந்து, கதை வேகமாகி, காசை வாரி இறைச்சு, ரீவியில செய்தி வாசிக்கிறவர் தன்னைப் பாத்துத்தான் சொல்லுறார், போற வாகனத்து நம்பரில தனக்குச் செய்தி இருக்கு எண்டு சொல்லத் தொடங்கினா, அது பாடம் எடுக்கிறது இல்லை. வாதாடாதேங்கோ, சிரிக்காதேங்கோ, முதல்ல பங்குச் சுவாமியிட்டக் காட்டினாலும் அதோட நிக்காம டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போங்கோ. யாழ் போதனா வைத்தியசாலையிலயும் தெல்லிப்பழையிலயும் மனநலப் பிரிவு இருக்கு, 1926 எண்ட மனநல உதவி நம்பருக்கு அடிச்சாத் தமிழிலயும் கதைக்கலாம். சாகவேணும் எண்ட கதை வந்தா அடுத்த கிளினிக் நாள் வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்கப்படாது.

தவக்காலத்தில கனபேர் கேக்கிறது, ஒருசந்தி எண்ட நோன்பு இருக்கேக்க குளிசை போடலாமோ எண்டு. போடலாம், போடவேணும். திருச்சபைச் சட்டத்தில ஒருசந்திக் கடமை 18 வயசில தொடங்கி 60 ஆவது வயசு தொடங்கேக்க, அதாவது 59 நிறைய, முடியுது, வருத்தக்காரருக்கு அது இல்லை. பூசையில நன்மை (நற்கருணை) வாங்க முதல் ஒரு மணித்தியாலம் ஒண்டும் சாப்பிடாம இருக்கிறதில தண்ணியும் மருந்தும் கணக்கில வராது. லித்தியம் எண்ட மனநல மருந்து எடுக்கிற ஆக்கள் தண்ணி குடிக்காமப் பங்குனி வெயிலுக்க சிலுவைப்பாதை நடந்தா உடம்பில நீர் வத்தி மருந்தின்ர அளவு இரத்தத்தில ஏறிப்போகும், கை நடுக்கம், சத்தி, தள்ளாட்டம் வந்தா உடன ஆஸ்பத்திரி. போத்தல்ல தண்ணி கொண்டு போங்கோ, ஆரும் பாத்தாப் பாக்கட்டும்.